சங்கும் பாம்பும் விற்று ஊழியம் செய்தவர்கள்



கடல் கடந்து, முன்பின் அறியாத ஒரு தீவுக்குச் சம்பளமின்றித் தொண்டு செய்யப் போகிற ஒருவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மிஷனரி ஞாயிறு அன்று நமது சபைகளில் நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் புறப்பட்ட நாளையும் மரித்த நாளையும் பற்றியே. இடையிலுள்ள ஆயிரமாயிரம் நாட்களை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாஷை தெரியாமல் ஒரு கோழியை எப்படி விலை பேசினார்கள்? ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? கைச்செலவுக்குப் பணம் எங்கிருந்து கிடைத்தது? பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்து, மாரேட்பள்ளியிலும் லாலாகூடாவிலும் போலாரத்திலும் குடியேறியிருக்கிற நமக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. தெலுங்கும் உருதும் புரியாமல் முதல் மாதத்தை எப்படிக் கழித்தோம் என்பது உங்களில் அநேகருக்கு இன்னும் நினைவிருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு மனிதர் உண்டு. அவர் பெயர் ஜான் காட்ஃபிரிட் ஹென்சல். அவர் ஊழியம் செய்த இடம் நிக்கோபார் தீவுக் கூட்டத்திலுள்ள நன்கௌரி. அவர் புறப்பட்டுப் போன துறைமுகமோ நமது தரங்கம்பாடி.

நிக்கோபார் தீவுகள் தமிழருக்குப் புதியவை அல்ல. இராஜேந்திர சோழனுடைய கல்வெட்டுகள் அவற்றை மாநக்கவாரம் என்று குறிப்பிடுகின்றன. 1756ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்தார் அத்தீவுகளைத் தங்களுக்கு உரியவையாக அறிவித்து, தங்கள் அரசரின் பெயரால் பிரெடரிக் தீவுகள் என்று அழைத்து, தரங்கம்பாடியிலிருந்து ஆளத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே குடியேறப் போன டேனியர் ஜுரத்தால் மடிந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மனமுவந்து போகக்கூடியவர்கள் யார் என்று தேடியபோதுதான், மொரேவிய சகோதரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மொரேவியரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியிலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் 1727இல் தொடங்கிய அவர்களுடைய இடைவிடாத ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுகள் நீடித்தது என்று நமது உபவாச ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைக் குறித்து ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிடும் வழக்கத்தையும் அவர்கள் 1731 முதல் கைக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பற்றிய இன்னொரு கதையும் நமது பிரசங்கங்களில் உலவுகிறது. 1732இல் மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸுக்குப் போன முதல் இருவரும் தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்பதே அது. கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும் அது நடந்ததன்று. தேவைப்பட்டால் அடிமைகளாகவும் ஆகத் தயார் என்று அவர்கள் சொன்னது மெய். உண்மையில் அவர்களில் ஒருவர் அங்கே தச்சுவேலை செய்து பிழைத்தார். எனக்கு இந்த உண்மை அந்தக் கதையைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. கண்ணீரோடு ஒருமுறை விலைபோவது வேறு. ஒவ்வொரு நாளும் உளியைக் கையில் எடுப்பது வேறு.

கைத்தொழில் செய்து தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது மொரேவிய ஊழியர்களின் நியமம். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய அவர்கள், பொறையாற்றுக்கு அருகே நிலம் வாங்கி, தோட்டமிட்டு, பலவகைத் தொழில்களும் செய்து வாழ்ந்தார்கள். சகோதரர் தோட்டம் என்று அந்த இடத்துக்குப் பெயர் உண்டாயிற்று. அங்கே ஏற்கெனவே சீகன்பால்குவின் வழியில் ஊழியம் செய்துவந்த லுத்தரன் மிஷனரிகளுக்கும் இவர்களுக்கும் சுமுகமான உறவு இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சபைகளுக்கிடையே மனஸ்தாபம் நம் காலத்தில் உண்டான காரியம் அல்ல. 1768இல் அவர்களில் சிலர் நன்கௌரிக்குப் புறப்பட்டார்கள். அவர்களோடு டேனியக் குடியேற்றமும் மீண்டும் முயற்சி செய்து பார்த்தது. சில ஆண்டுகளுக்குள் சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக மடிய, டேனியர் கைவிட்டுத் திரும்பினார்கள். சகோதரர்கள் மட்டும் தனியே தங்கினார்கள்.

தீவில் ஒரு நாள்

ஹென்சல் 1779இல் நன்கௌரியை அடைந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. அதன் முகப்பிலேயே, உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே மிஷனரி என்று அவர் குறிக்கப்பட்டிருக்கிறார்.

அந்தக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் பிரசங்கங்களை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். அவற்றில் நிறைந்திருப்பவை மரங்களும் மீன்களும் நண்டுகளும் பாம்புகளும் முதலைகளுமே. காரணம் எளிது. அவருடைய நாளில் பெரும்பகுதி அவற்றோடுதான் கழிந்தது. காட்டை வெட்டித் திருத்த வேண்டும். இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்த அந்தத் தீவில், வெட்டிய காடு மீண்டும் விரைந்து மூடிக்கொள்ளும். தரங்கம்பாடியிலிருந்து கப்பல் வந்தால் உணவுப் பொருட்கள் வரும். வராவிட்டால் தீவு மக்கள் கொண்டுவரும் தேங்காயும் கிழங்கும் கோழியுமே கதி. அவற்றுக்கு விலையாகப் புகையிலை கொடுக்கப்பட்டது. பணத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அப்படியானால் ஊழியத்தின் செலவுக்கு வழி என்ன? இங்கேதான் நமது தலைப்பின் பொருள் விளங்குகிறது. அந்நாட்களில் ஐரோப்பாவின் செல்வந்தர்கள் தூர தேசத்துச் சங்குகள், சிப்பிகள், பாம்புகள், பூச்சிகள் ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் சேர்த்து வைப்பதைப் பெருமையாக எண்ணினார்கள். இதை அறிந்த சகோதரர்கள் கடற்கரையில் சங்கு பொறுக்கினார்கள். காட்டில் பாம்பு பிடித்தார்கள். பதப்படுத்தித் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். அங்கே அவை நல்ல விலைக்குப் போயின. நச்சுப் பாம்பைப் பிடிப்பதற்கு ஹென்சல் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. தம் தொப்பியை அதன் முன் நீட்டுவார். அது சீறிக் கடிக்கும். கடித்த கணத்தில் தொப்பியை வெடுக்கென்று பறிப்பார். நச்சுப் பற்கள் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இன்றைக்கு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்!

சங்கு தேடிக் கடற்கரையோரமாக வெகுதூரம் நடந்து போய், வீடு திரும்ப முடியாதபடி இருட்டிவிடும் நாட்களும் உண்டு. அப்போது அவருடைய படுக்கை வெண்மணல். அலை எட்டாத இடத்தில் தம் உடல் கொள்ளுமளவுக்கு ஒரு பள்ளம் தோண்டுவார். தலைமாட்டில் மணலைக் குவித்துத் தலையணையாக்குவார். பிறகு பள்ளத்தில் படுத்து, கழுத்துவரை மணலை வாரித் தம்மேல் மூடிக்கொள்வார். அவருடைய நாய் அவர்மேல் குறுக்கே படுத்துக்கொண்டு காவல் காக்கும். அந்தத் தீவில் புலி, சிங்கம் முதலிய கொடிய விலங்குகள் இல்லை. முதலைகள் திறந்த கடற்கரைக்கு வருவதில்லை. தொல்லை கொடுத்தவை நண்டுகள். இரவெல்லாம் பெரிதும் சிறிதுமாக அவை ஊர்ந்து திரியும். அவற்றின் ஓடுகள் உரசும் சத்தம் உறங்க விடாது. சிறு நண்டு நெருங்கினால் நாய் அதைக் கவ்வித் தூர எறியும். பெரிய கொடுக்குள்ள நண்டு வந்தால் மூக்கை நீட்டப் பயந்து குரைக்கும். நண்டைவிட நாயின் குரைப்பே தம்மை அதிகமாகத் திடுக்கிடச் செய்தது என்பதுபோல அவர் வேடிக்கையாக எழுதுகிறார். வரலாற்றில் மிஷனரிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில், என் மனதைவிட்டு அகலாத காட்சி இது. துன்பத்தை அவர் பெரிதுபடுத்தவில்லை. நகைப்பைச் சேர்த்தே எழுதினார்.

பாஷையோ அவருக்குக் கடைசிவரை பாரமாகவே இருந்தது. நிக்கோபார் மக்கள் கப்பற்காரர்களோடு பேசப் பழகியிருந்தது கொச்சைப் போர்த்துகீசியம். தேங்காய் விற்கவும் புகையிலை வாங்கவும் அது போதும். கிருபை, பாவம், மீட்பு ஆகியவற்றைச் சொல்ல அது எப்படிப் போதும்? அவர்களுடைய சொந்த மொழிக்கு எழுத்து இல்லை, அகராதி இல்லை, கற்பிப்பார் இல்லை. பத்து வார்த்தை கற்றவர் ஜுரத்தில் மரித்துவிட, அடுத்து வருகிறவர் முதல் வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

செகந்திராபாத்தில் கிடைத்த விடை

அந்த ஜுரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நன்கௌரியில் பதினொரு சகோதரர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே பெற்ற நோயோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி, விரைவில் மரித்தவர்கள் மேலும் பதின்மூன்று பேர். ஆக 24 உயிர்கள். விஷக்காய்ச்சலும் ஈரல் கோளாறும் என்றே ஹென்சல் நோயைக் குறிக்கிறார். பெரும்பாலும் அது மலேரியாவாகவே இருந்திருக்க வேண்டும். காட்டின் கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்தார் நம்பினார்கள். ஆகவே காட்டை வெட்டினார்கள். கொசுவைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

விடை கிடைத்தது எங்கே தெரியுமா? நீங்கள் வாழும் இதே நகரத்தில். பேகம்பேட்டை வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் பழைய விமான நிலையத்துக்கு அருகே சர் ரொனால்ட் ராஸ் பெயர் தாங்கிய கட்டடத்தைக் கடந்திருப்பீர்கள். உசேன் கான் என்னும் நோயாளி கூலி பெற்றுக்கொண்டு தம்மைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். அந்தக் கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்த ராணுவ மருத்துவர் ராஸ், 1897 ஆகஸ்டு 20 அன்று அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள். நன்கௌரியின் கல்லறைகளுக்கு அந்த விடை நூறாண்டுக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தது.

1787இல் அந்த ஊழியம் முடித்துவைக்கப்பட்டது. எஞ்சியிருந்தவர்களை அழைத்து வரவும் பொருட்களை ஒப்படைக்கவும் மீண்டும் போனவர் ஹென்சலே. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆயினும் சகோதரர்கள் போகிறார்கள் என்று அறிந்த தீவு மக்கள் சுற்றுப்புறங்களிலிருந்து வந்து அழுது விடைகொடுத்தார்கள். ஆத்துமாக்களின் எண்ணிக்கையை மாதாந்தர அறிக்கையில் எழுதிப் பழகிய நமக்கு, இப்படிப்பட்ட கணக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது. அதைத் தோல்வி என்று சொல்லவும் எனக்கு மனமில்லை; வெற்றி என்று சொல்லி மழுப்பவும் மனமில்லை.

சென்னையிலிருந்து போன சாலொமோன்

அடுத்த பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1869இல் ஆங்கிலேய அரசு நிக்கோபாரைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. அந்நூற்றாண்டின் இறுதியில், வேதப்பன் சாலொமோன் என்னும் தமிழ் உபதேசியார் சென்னை மாகாணத்திலிருந்து அந்தமான் வழியாகக் கார் நிக்கோபார் தீவிலுள்ள மூஸ் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார், அரசின் முகவர் ஆகிய மூன்று வேலைகளும் அவர் ஒருவருக்கே.

முகவர் வேலை இலேசானதன்று. தேங்காய் ஏற்ற வரும் கப்பல்களிடம் அனுமதிக் கட்டணம் வாங்க வேண்டும். புறப்படும்போது சீட்டு கொடுக்க வேண்டும். சாராயமும் துப்பாக்கியும் தீவுக்குள் கடத்தப்படாமல் தடுக்க வேண்டும். வியாபாரிக்கும் தீவுக்காரனுக்கும் வழக்கு வந்தால் சமாதானம் செய்துவைக்க வேண்டும். நடந்ததையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றுக்கு நடுவே பையன்களைச் சேர்த்து எழுத்துக் கற்பிக்க வேண்டும்.

அந்த எழுதும் கடமையே அவருடைய பெயரை நிலைக்கச் செய்தது. அவர் வைத்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டனிலுள்ள மானிடவியல் கழகத்தின் இதழில் அச்சேறின. விருந்து, சாவு, பேய்விரட்டும் சடங்கு என்று தீவின் வாழ்வு அதில் நாள்தோறும் பதிவாகியிருக்கிறது. தீங்கு செய்யும் ஆவி பிடித்தவன் என்று ஊரார் முடிவு செய்துவிட்டால், அந்த மனிதனைக் கூடிக் கொன்றுவிடும் கொடிய வழக்கமும் அக்காலத்தில் அங்கே இருந்தது. அதையும் அவர் கண்மூடிக் கடந்துவிடவில்லை. வெறுமனே பழித்துவிட்டும் போகவில்லை. முதலில் உற்றுக் கவனித்தார். மொரேவியருக்குக் கிட்டாத ஒன்று அவருக்குக் கிட்டியது: காலம். ஆண்டுக்கணக்காக அங்கே தங்கி, அம்மக்களோடு பேசிப் பழக முடிந்தது.

அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவன், 1884இல் பிறந்த ஹாச்செவ்கா. பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றான். மேற்படிப்புக்காகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டு, 1912இல் ஆசிரியராகத் தன் தீவுக்குத் திரும்பினான். அவர் தம் தாய்மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தபோது, வேவு பார்த்ததாகச் சந்தேகிக்கப்பட்ட அநேகர் வதைக்கப்பட்டார்கள். ரிச்சர்ட்சனுடைய மகன் கொல்லப்பட்டார். அவருக்கும் மரண தண்டனை குறிக்கப்பட்டிருந்தது. 1945இல் போர் முடிந்ததால் உயிர் தப்பினார். 1950இல் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952இல் முதலாம் மக்களவைக்கு நியமன உறுப்பினரானார். 1965இல் பத்மஸ்ரீயும் 1975இல் பத்மபூஷணும் பெற்று, 1978இல் நித்திரையடைந்தார். இன்று நிக்கோபார் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அந்த வேலையை முடித்தவர் கடல் கடந்து வந்த எவருமல்லர்; அதே மண்ணில் பிறந்தவர். அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு தமிழ் வாத்தியார்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கார் நிக்கோபாருக்கோ நிமிடங்களே இருந்தன. கரையோரக் கிராமங்கள் துடைக்கப்பட்டன. விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதன்பின் உதவி வந்தது. தொண்டர்களும் வந்தார்கள். நல்மனதோடு வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிக்கோபார் மக்கள் துஹெத் என்னும் பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்கள். நிலமும் தென்னையும் பன்றிகளும் துஹெத்துக்கே சொந்தம். நிவாரண வீடுகளோ தகப்பன், தாய், பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் ஒதுக்கப்பட்டன. தென்னங்கீற்றும் மரமும் கொண்டு காற்றோட்டமாக வீடு கட்டியவர்கள் தகரக் கொட்டகைகளில் புழுங்கினார்கள். பங்கிட்டு உண்டவர்களிடம் தனித்தனியே பணம் வந்தது. பணத்தோடு பிரிவினையும் வந்தது. சாலொமோனைப்போல் ஒருவர் நாட்குறிப்போடு நடுவே அமர்ந்து, முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு, பிறகு பட்டியல் எழுதியிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டு வாலிபர் யாராவது நானும் தீவுக்குப் போகிறேன் என்று புறப்படலாம். பாரம் நல்லது. ஆனால் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். ஆதிவாசிகளைக் காக்கும் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்குச் சிறப்பு அனுமதியின்றி வெளியார் எவரும் போக முடியாது. வடக்கு சென்டினல் தீவுக்கு அறவே போகக்கூடாது. 2018 நவம்பரில் தடையை மீறி அங்கே இறங்கிய அமெரிக்க வாலிபர் ஒருவர் அம்பெய்து கொல்லப்பட்டார். அவரை இரத்தசாட்சி என்று சில மேடைகளில் புகழக் கேட்டிருக்கிறேன். அவருடைய உயிருக்காக வருந்துகிறேன். ஆனால் நமது சாதாரண சளிக்காய்ச்சலே ஒரு சந்ததியை அழித்துவிடக்கூடிய ஒரு ஜனத்தின் வாசலில், கூப்பிடாமல் போய் நிற்பதை என்னால் புகழ முடியவில்லை.

போகாமலே அந்தத் தீவுக்குத் தொண்டு செய்கிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் உங்கள் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நிஜாம்பேட்டைக்கு அருகே பிரகதி நகரில் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. 2007 அக்டோபர் முதல் அங்கே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இரவும் பகலும் இயங்குகிறது. நிலநடுக்க மானிகள், கடலடியின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் ஆகியவை அனுப்பும் செய்தியைப் பணிமுறை மாற்றி மாற்றிக் கண்காணிக்கிறார்கள். கடலடியில் பெரும் நடுக்கம் உண்டானால், சில நிமிடங்களுக்குள் முதல் செய்தி புறப்பட வேண்டும் என்பது அவர்களுடைய நியமம். கிறிஸ்துமஸ் இரவிலும் அங்கே யாராவது ஒருவர் திரையின் முன் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை அந்தச் சாலையில் போகும்போது, அவர் எந்த மதத்தினராயிருந்தாலும் அவருக்காகவும், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்காகவும் ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.